பழைய வயல் எல்லையைத் தேட எந்தப் படம்: கூகுள் எர்த்தா, ட்ரோனா, லைடாரா?

போன வாரம் ஒரு நண்பர் போன் பண்ணினார். ட்ரோன் வாங்கப் போகிறாராம். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய வயல் எல்லையெல்லாம் மேலேயிருந்து பார்த்தால் பயிரில் கோடு கோடாகத் தெரியும் என்று எங்கோ படித்திருக்கிறார், எந்த மாடல் நல்லது என்று என்னிடம் கேட்டார். இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள் என்றேன். குரல் சுருங்கிவிட்டது. பத்து நிமிஷத்தில் காரணம் சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால்தான் இது.

நான் இருப்பது இங்கிலாந்தில், நாட்டிங்ஹாம்ஷயரின் வடக்குப் பக்கம். ஊரில் உள்ள வரலாற்று ஆர்வலர்களோடு சேர்ந்து சனி ஞாயிறுகளில் வான்படங்களைப் பார்த்துக் கோடு வரைவது சில வருஷமாக என் பொழுதுபோக்கு. தொல்லியல் படித்தவன் இல்லை. தப்பு நிறையச் செய்திருக்கிறேன், அதில் சிலவற்றைக் கீழே சொல்கிறேன்.

முதலில் அந்தக் கோடு எப்படி வருகிறது என்பதைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் எந்தப் படம் வேண்டும் என்ற முடிவே அதில்தான் இருக்கிறது. இங்கே அந்தக் காலத்தில் வயலைப் பிரித்தது நம்மூர் வரப்பு மாதிரி வெறும் மேடு இல்லை. ஒரு பள்ளம் வெட்டி, அந்த மண்ணைப் பக்கத்தில் கரையாகப் போட்டு, பல இடங்களில் அதன்மேல் முள்வேலியும் வளர்த்திருப்பார்கள். காலப்போக்கில் கரை கரைந்து பள்ளம் தூர்ந்துவிட்டது, பிற்காலத்து ஏர் மேலே ஓடி எல்லாவற்றையும் சமமாக்கிவிட்டது. ஆனால் அடியில் பள்ளம் இருந்த இடத்தில் மட்டும் ஆழமான, மட்கு நிறைந்த மண் இருக்கிறது, சுற்றிலும் சரளையோ மணற்பாறையோ சுண்ணாம்புப் பாறையோ இருக்கிறது. மழை பெய்துகொண்டே இருந்தால் பயிருக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. மூன்று வாரம் மழை பொய்த்து வெயில் காய்ந்தால்தான் கதை மாறும். பாறைமேல் நிற்கும் பார்லி தண்ணீரில்லாமல் சீக்கிரமே மஞ்சளாகிவிடும், பள்ளத்துக்குமேல் நிற்பது மட்டும் ஆழத்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு இன்னும் கொஞ்ச நாள் பச்சையாக, சற்று உயரமாக நிற்கும். மேலேயிருந்து பார்த்தால் மஞ்சள் தாளில் பச்சைப் பேனாவால் கோடு போட்ட மாதிரி இருக்கும். அடியில் கல்சுவர் இருந்தால் இது தலைகீழ், அங்கே பயிர் முதலில் காய்ந்துவிடும். இதைத்தான் கிராப்மார்க் என்கிறார்கள். நான் பயிர்த்தடம் என்றே எழுதுகிறேன்.

இது விமானம் வந்தபிறகு கண்டுபிடித்த விஷயம் என்று நினைக்க வேண்டாம். நானூறு வருஷத்துக்கு முன்னாலேயே வில்லியம் கேம்டன் என்ற வரலாற்றாசிரியர், கென்ட் கரையோரம் ரிச்பரோவில் அழிந்துபோன ரோமானிய ஊரின் தெருக்கள் தானியப் பயிரில் குறுக்கும் நெடுக்குமாகத் தெரிவதை எழுதி வைத்திருக்கிறார். உழவர்களுக்கு அதற்கு முன்பே தெரிந்திருக்கும் என்பது என் எண்ணம்.

ஆக, பயிர்த்தடம் தெரிய நான்கு விஷயம் ஒன்றாகக் கூட வேண்டும்: நீர் வடியும் மண், தானியப் பயிர், மழையில்லாத வாரங்கள், அந்த நேரம் பார்த்து மேலே ஒரு கேமரா. பார்லியும் கோதுமையும் பிரமாதமாகக் காட்டிக்கொடுக்கும். உருளைக்கிழங்கு வயலில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. புல்வெளி மிகவும் காய்ந்தால்தான் ஏதாவது காட்டும். 1976, 2018, 2022 மாதிரி வறண்ட கோடைகளைத் தொல்லியல்காரர்கள் நாம் தீபாவளியை நினைப்பதுபோல நினைப்பார்கள். இதிலிருந்து என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன்: படம் எவ்வளவு கூர்மை என்பதைவிட அது எந்தத் தேதியில் எடுத்தது என்பதுதான் முக்கியம். சரியான வாரத்தில் எடுத்த மங்கலான படம், தப்பான வாரத்தில் எடுத்த துல்லியமான படத்தைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். கீழே ஒவ்வொன்றையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

எங்கள் பக்கத்து மண் இதற்கென்றே அமைந்தது. நாட்டிங்ஹாம்ஷயர் வடக்கிலும் தெற்கு யார்க்‌ஷயரிலும் ஓடும் மணற்பாறைப் பட்டையில், ஒன்றுக்கொன்று இணையாக நீண்டு போகும் பள்ளங்களும் அவற்றுக்கு இடையே குறுக்குக் கோடுகளுமாக, செங்கல் சுவரைப் படுக்கவைத்த மாதிரி வயல்கள் மைல் கணக்கில் கிடக்கின்றன. செங்கற்கட்டு வயல்கள் என்றே அவற்றுக்குப் பெயர். இரண்டாம் உலகப் போரில் விமானப்படை விமானியாக இருந்த டெரிக் ரைலி, பிற்காலத்தில் சின்ன விமானத்தில் இந்தப் பக்கம் பறந்து பறந்து படமெடுத்து, வரைபடமாக்கி 1980ல் புத்தகமாகவே போட்டார். ரோமானியர் வருவதற்குச் சற்று முன்பும் அவர்கள் ஆண்ட காலத்திலும் இருந்த வயல்கள் இவை என்பது பொதுவான கணிப்பு. இன்றைக்கு அந்த நிலத்தில் நின்று பார்த்தால் ஒரு மேடுகூடத் தெரியாது, தட்டையான உழவு நிலம்.

சரி, கூகுள் எர்த். காசில்லை, இப்போதே திறக்கலாம். கம்ப்யூட்டரில் பழைய படங்களைத் தேதிவாரியாகப் பின்னோக்கி நகர்த்திப் பார்க்கும் வசதிதான் இதன் உயிர், அது இல்லாவிட்டால் இதைப் பற்றிப் பேசவே வேண்டாம். நான் செய்வது இதுதான்: ஒரு கிராமத்தைச் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்தையும் இருக்கிற எல்லாத் தேதியிலும் பார்ப்பேன். அலுப்பான வேலைதான். ஒரு வயலை எட்டுத் தேதிகளில் பார்த்தேன். ஏழில் வெறும் பச்சை, பழுப்பு, மறுபடியும் பச்சை. எட்டாவது ஒரு வறண்ட கோடைப் படம், அதில் இரண்டு இணைப் பள்ளங்கள் (மாடு ஓட்டிப் போகிற பாதையின் இரு பக்கமும்), அதிலிருந்து கிளைக்கும் நான்கு வயல்கள், ஒரு மூலையில் வட்டமாக ஒரு வீட்டுச் சுவடு. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

இதன் குறை என்னவென்றால், படம் எடுத்தவர்கள் நமக்காக எடுக்கவில்லை. மேகமில்லாத ஏதோ ஒரு நாள் அவர்களுக்குப் போதும், அது ஏப்ரலாக இருந்தால் நமக்குப் பயனில்லை. தேதியையும் அப்படியே நம்ப முடியாது, பக்கத்துப் பக்கத்துப் படங்களை ஒட்டிப் போட்டிருப்பதால் திரையில் காட்டும் தேதி ஒரு பாதிக்குச் சரியாகவும் மறுபாதிக்குத் தப்பாகவும் இருப்பதுண்டு. அறுப்பு முடிந்திருக்கிறதா, நிழல் எவ்வளவு நீளம், மரத்தில் இலை இருக்கிறதா என்று பார்த்து நாமே ஊகிக்க வேண்டியதுதான். ஆனாலும் இருபது வருஷத்துப் படங்கள் இலவசமாகக் கிடக்கும்போது அதில் ஒரு நல்ல ஜூலையாவது மாட்டும்.

அடுத்தது பழைய காப்பகப் படங்கள். பலர் இதைக் கடைசியில் வைப்பார்கள், நான் இரண்டாவது இடம் கொடுப்பேன். போர் முடிந்ததும் 1946 முதல் சில வருஷங்களுக்குள் பிரிட்டிஷ் விமானப்படை நாடு முழுவதையும் நேர்கீழாகப் படமெடுத்தது. ஐம்பதுகளிலிருந்து டிராக்டர் பெரிதாகி, வேலிகளைப் பிடுங்கி, மேய்ச்சல் நிலத்தையெல்லாம் உழுது தள்ளுவதற்குச் சற்று முன்னால் எடுத்த படங்கள் இவை என்பதை யோசித்துப் பாருங்கள். இன்றைக்குப் பயிர்த்தடமாக மட்டும் மிஞ்சியிருக்கும் பல எல்லைகள் அந்தப் படத்தில் மேடாகவே, நிழல் விழுந்து தெரியும். அதற்கும் இருபது வருஷம் முன்னால் ஓ. ஜி. எஸ். க்ராஃபோர்டு, முதல் உலகப் போரில் விமானத்திலிருந்து நோட்டம் பார்த்தவர், தெற்கு இங்கிலாந்தின் சுண்ணாம்பு மேடுகளில் எடுத்த விமானப்படைப் படங்களைப் பார்த்துத்தான் சதுரம் சதுரமான அந்தச் சின்ன வயல்களை இனம்கண்டு, 1923ல் அறிஞர் சபையில் பேசினார். கெல்ட் வயல்கள் என்று அவர் வைத்த பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவற்றில் பல அதைவிடப் பழைய வெண்கலக் காலத்தவை என்று பின்னால் தெரிந்தபோதும்.

அந்த நேர்கீழ்ப் படங்களில் இன்னொரு வசதி, ஒன்றோடொன்று பாதிக்கு மேல் படியும்படி எடுத்திருப்பார்கள். இரண்டு படத்தைப் பக்கத்தில் வைத்து ஸ்டீரியோ கண்ணாடி வழியாகப் பார்த்தால் மேடு பள்ளம் முப்பரிமாணமாக எழுந்து நிற்கும். முதல் தடவை பார்த்தபோது மரங்கள் கண்ணைக் குத்த வருவதுபோல் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். இங்கிலாந்துக்கான படங்களை ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற, தொல்லியல் விஷயங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பு வைத்திருக்கிறது, 2021ல் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட வான்படங்களை இணையத்தில் இலவசமாகப் பார்க்கும்படி போட்டார்கள். ஆனால் மொத்தச் சேகரிப்பு அதைவிடப் பல மடங்கு. உங்கள் கிராமத்துக்கானது இணையத்தில் இல்லையென்றால் தேடித் தரச் சொல்லி எழுதிக் காத்திருக்க வேண்டும். பொறுமை இல்லாதவருக்கு இது சரிப்படாது.

படத்தைத் திறப்பதற்கு முன்னாலேயே பார்க்க வேண்டிய ஒன்றும் அங்கேயே இருக்கிறது. இங்கிலாந்தின் பாதிக்கும் மேற்பட்ட பரப்புக்கு, நிபுணர்கள் வான்படங்களைப் பார்த்து ஏற்கெனவே கோடு வரைந்து இணைய வரைபடமாக வைத்திருக்கிறார்கள். நான் முதல் வருஷம் மூன்று மாதம் உட்கார்ந்து வரைந்த ஒரு வயல் தொகுதி அதில் அப்படியே இருந்தது, என்னுடையதைவிட நன்றாக. எனக்கு வந்த எரிச்சல் உங்களுக்கு வேண்டாம்.

லைடார் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். விமானத்திலிருந்து லேசர் துடிப்புகளை அனுப்பி நிலத்தின் உயரத்தை அளப்பது. மரங்களின் இலை இடுக்கில் புகுந்து தரையைத் தொடும் துடிப்புகளை மட்டும் பிரித்தெடுத்தால் காட்டையே சீவி எடுத்துவிட்ட மாதிரி நிலம் தெரியும். தெற்கு இங்கிலாந்தின் சவுத் டவுன்ஸ் குன்றுப் பகுதியில் 2014ல் இப்படிப் பறந்து அளந்தபோது, காட்டுக்கு அடியில் ஏக்கர் ஏக்கராக வரலாற்றுக்கு முந்தைய வயல் எல்லைகள் கிடந்தது தெரியவந்தது. அதைக் கேட்டால் ஆசை வரத்தான் செய்யும். இங்கிலாந்து முழுவதற்கும் ஒரு மீட்டர் இடைவெளி லைடாரை சுற்றுச்சூழல் முகமை இலவசமாகவே தருகிறது, இறக்கிக்கொண்டு க்யூஜிஐஎஸ் மென்பொருளில் வெளிச்சத்தை வெவ்வேறு திசையிலிருந்து அடித்துப் பார்க்கலாம்.

ஆனால் லைடார் அளப்பது உயரத்தை. எங்கள் ஊர் மாதிரி உழுது தட்டையாகிப்போன நிலத்தில் அளக்க உயரமே மிச்சமில்லை. பயிர்த்தடம் பளிச்சென்று இருக்கும் வயலை லைடாரில் திறந்தால் இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி இருக்கும். காடு, மேய்ச்சல், மலைச்சரிவு என்றால் லைடாரை முதலில் எடுங்கள், உழவு நிலம் என்றால் அதைச் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ட்ரோன். நண்பரின் ஆசைக்குக் காரணம் எனக்குத் தெரியும். 2018 ஜூலையில் அயர்லாந்தில் நியூகிரேஞ்ச் பக்கத்தில் ஆன்டனி மர்ஃபியும் கென் வில்லியம்ஸும் ட்ரோனை ஏற்றினார்கள், கீழே வயலில் இதுவரை யாருமே பார்த்திராத ஒரு பெரிய வட்டம் தெரிந்தது, உலகம் முழுக்கச் செய்தி ஆனது. அதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் ஏற்றிய இடம் ஐயாயிரம் வருஷத்துக் கல்லறைகள் நிறைந்த பாய்ன் பள்ளத்தாக்கு, ஏற்றிய நேரம் கடுமையான வறட்சி. இடமும் வாரமும் சரியாக இருந்தன, ட்ரோன் அதைப் பிடித்துக்கொண்டது. இங்கே சட்டப்படி 120 மீட்டருக்குமேல் ஏற்றக் கூடாது, கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே வைத்திருக்க வேண்டும், பதிவு செய்ய வேண்டும், ஏற்றி இறக்க நிலத்துக்காரரிடம் கேட்க வேண்டும். ஒரு பேட்டரிக்கு இரண்டு மூன்று வயல் பார்க்கலாம். எங்கே இருக்கிறது என்று தெரியாததைத் தேட இது உதவாது.

நானே பட்டிருக்கிறேன். நண்பர் ஒருவரின் ட்ரோனை இரவல் வாங்கி, அனுமதியெல்லாம் பெற்று, ஜூன் முதல் வாரம் போனேன். அதற்கு முந்தைய பத்து நாள் நல்ல மழை. வயல் முழுக்க ஒரே பச்சை, விளையாட்டு மைதானம் மாதிரி. அந்தப் படங்களின் தெளிவைக் கேட்காதீர்கள், ஒவ்வொரு கதிரையும் எண்ணலாம். பழைய பள்ளம் மட்டும் இல்லை. ஐந்து வாரம் கழித்து அதே வயலைச் சாலையோர மேட்டிலிருந்து வெறும் கண்ணால் பார்த்தபோது ஒரு கோடு தெரிந்தது, அதற்குள் ட்ரோனைத் திருப்பிக் கொடுத்திருந்தேன்.

சின்ன விமானத்தை வாடகைக்கு எடுத்துச் சாய்கோணத்தில் படமெடுப்பது ரைலி மாதிரி ஆட்கள் செய்தது, இன்றைக்கும் அதற்கு ஈடில்லை. ஒரு மதியத்தில் ஒரு மாவட்டத்தையே சுற்றலாம், தடம் எந்தக் கோணத்தில் பளிச்சென்று தெரிகிறதோ அந்தக் கோணம் வரும்வரை வட்டமடிக்கலாம். 1925ல் இன்சால் என்ற விமானப்படை அதிகாரி ஸ்டோன்ஹெஞ்ச் பக்கத்தில் பறந்துகொண்டிருந்தபோது எதேச்சையாகக் கண்ணில் பட்ட மரத்தூண் வட்டத்தின் சுவடுதான் பிறகு வுட்ஹெஞ்ச் என்று பெயர் பெற்றது. ஆனால் செலவு ஒருவரால் தாங்க முடியாது, நான்கைந்து பேர் பகிர்ந்தால் யோசிக்கலாம். இன்னொன்று, விமானத்தில் போகிறவர் தன் கண்ணில் பட்டதை மட்டுமே எடுப்பார். கண்ணில் படாதது படத்தில் இருக்காது. நேர்கீழ்ப் படத்தில் யாரும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை, எல்லாமே விழுந்திருக்கும்.

அகச்சிவப்புக் கேமராவைப் பற்றி ஒரு வரி: பயிரின் வாட்டத்தை நம் கண்ணுக்கு முன்பே பிடிக்கும், ஆனால் அதற்கென்று தனியாகச் செலவு செய்யும் நிலையில் நம்மில் யாரும் இல்லை. சென்டினல்-2 செயற்கைக்கோள் அந்தத் தகவலை இலவசமாகத் தருகிறது, ஆனால் அந்தப் படத்தின் ஒரு பிக்சலே நிலத்தில் 10 மீட்டர். ஒன்றரை மீட்டர் பள்ளம் அதில் தெரியவே தெரியாது. நான் அதை வேறு விதமாகப் பயன்படுத்துகிறேன். சில நாளுக்கு ஒரு முறை புதுப் படம் வருவதால், எந்த வயல் எந்த வாரம் காயத் தொடங்குகிறது என்பதை வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம். வண்டியை எப்போது கிளப்புவது என்பதற்கு அது போதும்.

எந்தப் படத்தை எடுத்தாலும் ஏமாறுவதற்கு வழி நிறைய. என் கணக்கில் முதல் பெரிய கண்டுபிடிப்பு, நேர்க்கோடாக அரை மைல் ஓடும் ஒரு பள்ளம். ரோமானியச் சாலையாகவே இருக்கும் என்று குழுவில் அறிவித்துவிட்டேன். எரிவாயுக் குழாய். இரண்டாவது, அழகான ஒரு வயல் மூலை. ஸ்காட்லாந்து தேசிய நூலகம் பத்தொன்பதாம் நூற்றாண்டு நில அளவை வரைபடங்களை இன்றைய வான்படத்தோடு பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கும்படி இணையத்தில் போட்டிருக்கிறது, அதில் அந்த மூலை அப்படியே இருந்தது, பிற்பாடு பிடுங்கியெறிந்த வேலி. இப்போதெல்லாம் எந்தக் கோட்டைப் பார்த்தாலும் முதலில் அங்கே ஓடிவிடுவேன். பக்கத்துப் பக்கத்தில் இணையாகப் பட்டை பட்டையாக, எஸ் எழுத்தைத் திருப்பிப் போட்ட மாதிரி லேசாக வளைந்திருந்தால் அது இடைக்காலத்து உழவு. எருதுகளை வயல் முனையில் திருப்பச் சாய்வாக ஓட்டியதால் வந்த வளைவு. வலைப்பின்னல் மாதிரி ஒழுங்கில்லாத பல கோணங்கள் தெரிந்தால் அது மனிதர் செய்ததே இல்லை, பனியுகத்தில் நிலம் உறைந்து வெடித்த விரிசல். மீன்முள் மாதிரி இருந்தால் வடிகால் குழாய். இரண்டிரண்டாக ஒரே இடைவெளியில் வந்தால் டிராக்டர் சக்கரம். இதெல்லாம் கழித்தபிறகு மிச்சமிருப்பது, இன்றைய வேலிகளின் திசையை மதிக்காமல் அவற்றுக்கு அடியில் குறுக்கே ஓடுகிறதென்றால், அப்போதுதான் நான் நிமிர்ந்து உட்காருவேன். அப்போதும் காலத்தைச் சொல்ல முடியாது. வடிவத்தைப் பார்த்து ஊகிக்கலாம், பள்ளத்தைத் தோண்டி உள்ளே கிடக்கும் பானை ஓட்டைப் பார்த்தால்தான் உறுதி.

மேலேயிருந்து எதுவுமே தெரியாத இடமும் உண்டு. அயர்லாந்தின் மேயோ கடற்கரையில் கெய்ட் வயல்கள் என்று இருக்கின்றன, கற்காலத்துக் கல்வரப்புகள், மேலே கனமான சேற்றுக்கரி (சதுப்பில் செடிகள் மட்கிச் சேர்ந்த பீட்) மூடிவிட்டது. 1930களில் பேட்ரிக் கால்ஃபீல்ட் என்ற பள்ளி ஆசிரியர் எரிப்பதற்குக் கரி வெட்டும் இடத்தில் கற்கள் வரிசையாகக் கிடப்பதைக் கவனித்தார், பிறகு அவர் மகன் சீமஸ் இரும்புக் கம்பியைக் குத்திக் குத்தி எங்கே தட்டுகிறது என்று பார்த்தே மொத்தத்தையும் வரைபடமாக்கினார். பயிரே இல்லாத இடத்தில் பயிர்த்தடம் ஏது?

அதனால் நண்பருக்கு நான் சொன்ன வரிசை இது. முதலில் நிபுணர்கள் வரைந்து வைத்ததைப் பார்ப்பது, அப்புறம் கூகுள் எர்த்தில் எல்லாத் தேதியும், சந்தேகப்பட்டதைப் பழைய நில அளவை வரைபடத்தோடும் லைடாரோடும் ஒட்டிப் பார்த்துக் கழிப்பது, தப்பிப் பிழைத்த இரண்டு மூன்று வயல்களுக்கு மட்டும் 1946 படத்துக்கு எழுதிப் போடுவது. அந்த வயல்களுக்கு ட்ரோன், அதுவும் பார்லி போட்டிருக்கிற வருஷம், மழை பொய்த்த ஜூன் கடைசி. அதற்குள் ஒன்றரை வருஷம் ஓடியிருக்கும், ட்ரோன் விலையும் குறைந்திருக்கும். உங்கள் நிலம் காட்டுப் பக்கமாக இருந்தால் இந்த வரிசையில் லைடாரை மேலே தூக்கிப் போடுங்கள், மற்றது அப்படியே.

எனக்கும் ஒரு வயல் மிச்சமிருக்கிறது, மேலே சொன்ன எட்டாவது படத்து வயல். இந்தக் கோடைக்கு இரவல் ட்ரோனுக்கு மறுபடி சொல்லி வைத்துவிட்டு, அந்த நிலத்துக்காரருக்குப் போன் பண்ணி, இந்த வருஷம் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். சுகர்பீட் என்றார். அடுத்த வருஷம்? கொஞ்சம் யோசித்துவிட்டு, பார்லியாக இருக்கலாம், விலையைப் பார்த்துச் சொல்கிறேன் என்றார்.